எச்சமும் எச்சிலும்: தங்கவயலின் பார்சல் சோற்றைப் பற்றி

ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டைச் சுற்றியுள்ள எந்த உணவகத்தின் முன் நின்றாலும் முதலில் காதில் விழும் வினா ஒன்றுதான்: இங்கே சாப்பிடவா, பார்சலா? தமிழில் கேட்டாலும் கன்னடத்தில் கேட்டாலும் தெலுங்கிலோ உருதுவிலோ கேட்டாலும் அந்தக் கடைசிச் சொல் மட்டும் மாறுவதில்லை. பார்சல் என்று விடை சொன்னால் மூடியிட்ட ஒரு கறுப்புப் பெட்டி, ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டிய சாம்பார்ப் பை, அதைவிடச் சிறிய சட்னிப் பை, இவை அனைத்தையும் தாங்கும் இன்னொரு பை என்று நான்கைந்து பொருள்கள் கைக்கு வருகின்றன. உணவு கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பெட்டியும் பைகளும் தீர்வதில்லை.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் அறிவுரை அனைவரும் அறிந்ததே: வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு செல்லுங்கள். அறிவுரை சரியானது, அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தமிழ் பேசும் உழைப்பாளிகளில் பெரும்பகுதியினருக்கு இந்த வாக்கியம் புதியதன்று. அவர்களுடைய பாட்டன்மாருக்கு இது அறிவுரையாகச் சொல்லப்படவில்லை, கட்டளையாகச் சொல்லப்பட்டது. அந்த முன்வரலாற்றை அறியாமல் இந்த ஊரில் பாத்திரத்தைப் பற்றிப் பேச இயலாது என்பதால் இந்தப் பதிவு சற்று நீளும்.

சொற்களிலிருந்து தொடங்குகிறேன்; மொழியியல் படித்தவருக்கு வேறு வழி தெரியாது. வெளியே எடுத்துச் சென்று உண்ணும் உணவுக்குத் தமிழில் பழைய பெயர்கள் பல. பொதிசோறு, கட்டுச்சோறு, கட்டமுது ஆகிய மூன்றும் செயலால் அமைந்த பெயர்கள், பொதிந்தது, கட்டியது. பெரிய புராணத்தில் திருப்பைஞ்ஞீலிக்கு வழிநடந்து களைத்த திருநாவுக்கரசருக்கு இறைவன் அந்தணர் உருவில் தோன்றித் தருவது பொதிசோறுதான். மலையாளத்தில் பொதிச்சோறு இன்றும் உயிருள்ள சொல். பொட்டலம் என்ற சொல்லுக்குக் கன்னடத்தில் பொட்டணம் என்றும் தெலுங்கில் பொட்லம் என்றும் உறவுகள் உண்டு. இவை எல்லாவற்றிலும் உறை இலையாகவோ துணியாகவோ இருந்தது. உண்டபின் இலை மண்ணுக்குப் போனது, துணி தோளுக்குத் திரும்பியது.

பின்னர் நகரத்து மெஸ்கள் பெருகிய காலத்தில் 'எடுப்புச் சாப்பாடு' என்ற சொல் வந்தது. அலுவலகத்தில் இருப்பவருக்கோ வீட்டில் சமைக்க ஆளில்லாதவருக்கோ அடுக்குக் கேரியரில் கொடுத்தனுப்பும் முழுச் சாப்பாடு அது. அளவில் தாராளமானது, ஒருவர் வாங்கி இருவர் உண்பது வழக்கம். எடுப்பு என்னும்போது எடுத்துச் செல்பவரும் அவர் கையிலுள்ள பாத்திரமும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார்கள். பார்சல் என்னும்போது இருவரும் மறைந்து, கட்டப்பட்ட பொருள் மட்டும் எஞ்சுகிறது. சொல் மாறியதால் பழக்கம் மாறியது என்று நான் வாதிடவில்லை. பழக்கம் மாறியதற்குச் சொல் ஒரு சான்று, அவ்வளவே.

தங்கவயலுக்கு வருவோம். ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் இங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின் வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஆள்கள் வந்தார்கள். பெரும்பாலோர் நிலமற்ற ஆதிதிராவிடர். அந்த வறண்ட நிலங்களின் அன்றாட உணவு கேழ்வரகுக் களியும் கூழும். இதிலொரு நுட்பமான வேறுபாடு உண்டு. புளிச்சோற்றை இலையில் பொதியலாம். கூழை இலையில் பொதிய இயலாது. நெல்லுண்பவர் பொதிசோறு கொண்டு நடந்தார். கூழுண்பவருக்குக் கலயம் வேண்டியிருந்தது. புராணங்களில் பொதிசோற்றுக்குக் கிடைத்த இடம் கூழ்க்கலயத்திற்குக் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மண்கலயம் சுரங்கத்திற்கு உகந்ததன்று. கூண்டில் இறங்கும்போது இடிபட்டால் உடையும். உலோகத் தூக்கு தேவைப்பட்டது. பித்தளையும் செம்பும் விலை உயர்ந்தவை, எடை மிகுந்தவை, புளிப்பு ஆகாதவை. இவ்விடத்தில் ஒரு பெயரைக் குறிப்பிட வேண்டும். சென்னைக் கலைப்பள்ளியில் 1898-இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் பணியைத் தொடங்கியவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியாளர். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலின் தொடக்கம் அது. அவரே பின்னர் 1912 முதல் மைசூர் அரசின் தொழில்துறை இயக்குநராகவும் இருந்தார். எடை குறைந்த, உடையாத, ஏழையும் வாங்கத்தக்க உலோகப் பாத்திரம் தமிழ்நாட்டு உழைப்பாளியின் கைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் நிகழ்வு. தொன்மையான மரபு அன்று. 'நம் முன்னோர் தூக்குச்சட்டியோடு வாழ்ந்தார்கள்' என்று பழமையைப் பாடுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது. எவர்சில்வர் அதற்கும் பின்னால் வந்தது. அந்தப் பெயரே நம்மூரில் வழங்கும் ஆங்கிலம்.

அதே சுரங்கத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழில்வல்லுநர்கள் மேற்பார்வையாளர்களாக இருந்தார்கள். அவர்கள் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் உணவு பேஸ்டி. இறைச்சியும் கிழங்கும் உள்ளே வைத்து மாவால் மூடிச் சுட்ட அரைவட்டப் பண்டம் அது. உறையையும் சேர்த்து உண்ணலாம். கையில் ஒட்டிய நஞ்சுக்கு அஞ்சி அதன் தடித்த விளிம்பைப் பிடித்துத் தின்றுவிட்டு விளிம்பை எறிந்துவிடுவார்கள் என்றொரு கதை உண்டு, கதையாகவே கொள்ளலாம். நிலத்தடியில் குப்பைக்கு இடமில்லை என்ற ஒரே இடர்ப்பாட்டிற்கு இரு நாட்டு உழைப்பாளிகளும் கண்ட இரு விடைகள் இவை. ஒருவர் உறையைத் தின்றார், மற்றவர் உறையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டியது. அத்தகைய உழைப்புக்கு இறங்கியவருடைய பாத்திரம் மாலையில் காலியாக மேலே வந்து, கழுவப்பட்டு, மறுநாள் மீண்டும் இறங்கியது. கழுவியவர் யார் என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

இப்போது எச்சில் என்ற சொல். எஞ்சு என்ற வினையடியிலிருந்து எச்சம், எச்சில் இரண்டும் பிறந்தன. பள்ளியில் நாம் படித்த பெயரெச்சமும் வினையெச்சமும் அதே அடியைச் சேர்ந்தவைதாம். முடிவு பெறாமல் எஞ்சி நிற்கும் சொற்கள். கன்னடத்தில் எஞ்சல், தெலுங்கில் எங்கிலி. தங்கவயலில் ஒரே தெருவில் மூன்று வடிவங்களையும் கேட்கலாம். எஞ்சியது என்பதே சொல்லின் மூலப்பொருள்; தீட்டு அதில் இல்லை. ஆனால் வழக்கில் வாய்பட்டது, ஆகவே விலக்கத்தக்கது, ஆகவே கீழோருக்கு உரியது என்று பொருள் படிப்படியாக இறங்கியது. பொருளிறக்கத்திற்கு மாணவர்களிடம் எடுத்துக்காட்டுச் சொல்லும்போது இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் வருவதுண்டு. ஏனெனில் இறங்கியது சொல்லின் பொருள் மட்டுமன்று. பிறர் உண்டுவிட்டுப் போன இலையின் மீது பக்தர்கள் புரளும் மடெ ஸ்நானம் என்ற சடங்கு கர்நாடகத்தின் குக்கே சுப்பிரமணியா கோயிலில் நம் காலம்வரை நடந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

எச்சில் பற்றிய இந்த அச்சம்தான் நம் நாட்டில் 'ஒருமுறை பயன்படுத்தி எறியும்' பாத்திரத்தின் தாய். மந்தாரை இலை, முருக்கிலை, வாழையிலை, தொன்னை, மண்குவளை எல்லாம் நெகிழிக்கு நெடுங்காலம் முன்பே எறியப்பட்டவை. அவை மண்ணுக்குக் கேடு செய்யவில்லை என்பது உண்மை. அவற்றை எறியச் செய்த மனநிலை மனிதருக்குக் கேடு செய்தது என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டு 'நம் மரபு இயற்கையோடு இயைந்தது' என்று பெருமை கொள்வது பாதி வரலாறு.

உணவகம் என்ற புதிய நிறுவனம் தமிழ்நாட்டில் பரவியபோது இந்த அச்சம் அதற்குள்ளும் குடியேறியது. பஞ்சமர் நுழையக் கூடாது என்ற பலகைகள் தொங்கின. ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்கும் பிறருக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. பெரியாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941-இல் அவ்வேற்பாடு நீங்கியது. ஊர்ப்புறத் தேநீர்க் கடைகளில் நிலை வேறு. ஒடுக்கப்பட்டோருக்குச் சிரட்டையில் தேநீர் ஊற்றப்பட்டது. அல்லது தனிக்குவளை கூரையில் செருகி வைக்கப்பட்டது. அதை அவரே எடுத்து, குடித்து, கழுவி, மீண்டும் செருக வேண்டும். சில இடங்களில் அவரே தம் பாத்திரத்தைக் கொண்டுவர வேண்டும். கடைக்காரர் தொடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். உங்கள் பாத்திரத்தை நீங்கள் கொண்டு வாருங்கள் என்ற வாக்கியத்தின் முதல் பதிப்பு இதுதான்.

1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இதைச் சரியாகக் கண்டுகொண்டது. பொது உணவகத்தில் நுழைவதைத் தடுப்பது மட்டுமன்றி, அங்கே பொதுமக்களின் பயன்பாட்டுக்கென வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் குற்றம் என அதன் நான்காம் பிரிவு தனியே சொல்கிறது. எல்லோருக்கும் உரிய குவளையில் வாய் வைத்துக் குடிப்பது சட்டம் காக்கும் உரிமை. பாத்திரத்தைப் பற்றி இவ்வளவு கூர்மையாக எழுதிய சட்டம் நம்மிடம் அதிகமில்லை.

அடுத்து வந்தது எறியும் குவளை. அது இரு முகங்களோடு வந்தது. எல்லோருக்கும் ஒரே நெகிழிக் குவளை தரப்பட்ட கடையில், யாருடையது எது என்ற வினாவே எழவில்லை. கூரையில் செருகிய குவளை காணாமல் போனது. பலருக்கு அது பெரும் விடுதலை. இதைச் சூழலியல் பேசுவோர் ஒப்புக்கொள்ளத் தயங்கக் கூடாது. மற்றொரு முகமும் உண்டு. சிலருக்குக் கண்ணாடிக் குவளை, சிலருக்கு மட்டும் எறியும் குவளை என்று பிரித்த கடைகளைத் தமிழ்நாட்டுக் கள ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. அங்கே சட்டத்தின் பிடி நழுவுகிறது. தூய்மைக்காகத்தான் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னால் போதும். சான்றாகக் காட்ட வேண்டிய குவளையோ அன்றே குப்பைக்குப் போய்விடுகிறது.

தங்கவயலின் இடம் இதில் தனித்தது. ஊரில் தனிக்குவளையில் குடித்தவர்கள் இங்கே வந்து கூலியைப் பணமாகப் பெற்றார்கள், தம் பணத்தில் தம் பாத்திரத்தை வாங்கினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய தமிழன் இதழுக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உறுதியான வாசகர்களும் பௌத்த சங்கக் கிளைகளும் இருந்தன. 1914-இல் அவர் மறைந்த பின் அவருடைய எழுத்துகளை நூல்களாக்கிக் காத்ததில் இவ்வூர்ச் சித்தார்த்த புத்தகசாலையின் பங்கு பெரிது. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து சுரங்க நிருவாகத்தை இறங்கிவரச் செய்தவர்களும் இவர்களே. தன்மானம் இவ்வூருக்கு மேடைச் சொல்லாக மட்டும் வந்து சேரவில்லை. சுரங்க வாயிலில் திருட்டுத் தங்கத்தைத் தேடி உடலையே சோதித்த ஓரிடத்தில், தன் வீட்டில் தன் காசில் வாங்கிய தூக்குப் பாத்திரம் வெறும் பாத்திரமாக மட்டும் இருந்திருக்காது என்று கருதுகிறேன்.

இதுவரை சொன்னதில் ஆண்களே நடமாடினார்கள். தூக்கை நிறைத்தவர்களும் திரும்பி வந்ததைக் கழுவியவர்களும் பெண்கள். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் குழாயடியில் நீர் பிடித்து, சாம்பலிட்டுத் துலக்கி, மறுநாள் ஷிப்ட்டுக்குள் மீண்டும் நிறைக்க வேண்டும். குப்பையற்ற அந்த உணவு முறை ஊதியமற்ற இந்த உழைப்பின்மேல் நின்றது. எறியும் பெட்டி ஒழித்தது பாத்திரத்தை அன்று, பாத்திரம் துலக்குவதை.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. வேலை காலடியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுக்கு நகர்ந்தது. மாரிகுப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களில் விடியலுக்கு முன்பே ஏறி பெங்களூருவுக்குச் சென்று இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோரால் ஆனது இன்றைய ஊர். 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து சுரங்கத்திற்காக இடப்பட்ட இருப்புப்பாதை இப்போது ஆள்களை வெளியே கொண்டு செல்கிறது. இப்போது பெண்களும் அந்த வண்டியில் இருக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு இறங்கும் ஒருவரிடம் நீங்கள் ஏன் சமைப்பதில்லை, ஏன் காலையிலேயே காலிப் பாத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு போகவில்லை என்று கேட்பது எளிது. பார்சல் என்பது சோம்பலின் பெயர் அன்று. இழந்த நேரத்தின் பெயர்.

அந்தப் பெட்டிகள் பின்னர் எங்கே போகின்றன? இங்கும் எச்சிலின் விதி தொடர்கிறது. உண்டவர் தொட விரும்பாததை வேறொருவர் தொடுகிறார். உலர் கழிவறைகளைக் கையால் துப்புரவு செய்யும் கொடுமை இந்த நூற்றாண்டிலும் தங்கவயலில் நீடித்ததை நாடே அறியும். அவ்வேலையைச் சுமந்த சாதியினரே பெரும்பாலும் குப்பையையும் சுமக்கிறார்கள். குழம்பு ஒட்டிய நெகிழிப் பை மறுசுழற்சிக்கு ஆகாது. பிரிப்பவர் கையில் அது வெறும் நாற்றம். எஞ்சியதை எவரும் எடுத்துச் செல்லாவிட்டால் என்ன ஆகும் என்று வேறெந்த ஊருக்கும் சொல்லித் தர வேண்டும், இவ்வூருக்கு வேண்டாம். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் 13, நிறுவனம் போய்க் கால் நூற்றாண்டாகியும் ஊருக்கு நடுவே நிற்கின்றன. காற்றடித்தால் வீட்டுக்குள் வருகின்றன.

காகிதத்திற்கு மாறிவிட்டோம் என்று நிறைவு கொள்வோருக்காக ஒரு தகவல். சூடான பானம் கசியாதிருக்கக் காகிதக் குவளையின் உட்புறம் மெல்லிய நெகிழிப் படலம் பூசப்படுகிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் அதில் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்நெகிழித் துகள்கள் நீரில் கலக்கின்றன. செய்தித்தாளில் பஜ்ஜி பொதிவதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே கண்டித்துவிட்டது. அச்சு மை உணவில் ஏறுகிறது. தொன்னை ஒன்றுதான் இன்னும் மதிப்போடு இருக்கிறது. பெங்களூருவில் அதன் பெயரையே தாங்கிய தொன்னெ பிரியாணி புகழ்பெற்ற உணவு. ஆனால் அதையும் பார்சல் கேட்டால் பல இடங்களில் நெகிழிப் பெட்டியில்தான் வருகிறது. தொன்னை பெயரில் மட்டும் எஞ்சுகிறது. பெயரெச்சம் என்று இதைச் சொன்னால் இலக்கண ஆசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. கர்நாடகம் 2016 மார்ச்சிலேயே நெகிழிப் பை, தட்டு, குவளை, கரண்டி ஆகியவற்றைத் தடை செய்தது. தமிழ்நாடு 2019 சனவரியில். ஒன்றிய அரசின் தடை 2022 சூலை 1 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் அந்தப் பட்டியலில் தட்டும் குவளையும் உறிஞ்சுகுழலும் உள்ளன; பார்சலின் அடையாளமாகிய மூடியிட்ட பெட்டி இல்லை. ஆக, எது மிகுதியாகக் குவிகிறதோ அது தடைக்கு வெளியே நிற்கிறது.

எனவே தனிமனிதரிடம் மட்டும் பாத்திரத்தைச் சுமத்தும் அறிவுரையை நான் நம்பவில்லை. கடைக்காரர் நம் பாத்திரத்தைக் கையில் வாங்கி நிறைத்துத் தருவாரா, அல்லது மேசைமேல் வைக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றுவாரா என்ற ஐயம் சிலருக்கு எழவே எழாது. சிலருக்கு எழாமல் இராது. அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாத திட்டம் எவ்வளவு பசுமையானதாக இருந்தாலும் பழைய ஏற்பாட்டின் மறுபதிப்பாகிவிடும். பாத்திரம் கடையினுடையதாக, அல்லது ஊரினுடையதாக, எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 1955-இன் சட்டம் காத்த உரிமை அந்தப் பொதுப் பாத்திரத்தில்தான் இருக்கிறது.

இதற்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. பெங்களூருவில் அதம்ய சேதனா அமைப்பு நடத்தும் தட்டு வங்கி விழாக்களுக்கு எஃகுத் தட்டுகளையும் குவளைகளையும் இரவலாகத் தருகிறது. மும்பை டப்பாவாலாக்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காலிப் பாத்திரத்தை அன்றே வீடு சேர்த்து வருகிறார்கள். அது இயல்வதற்குக் காரணம் நாள்தோறும் அதே ஆள், அதே தடம். தங்கவயலிலும் நாள்தோறும் அதே ஆள்கள், அதே வண்டி, அதே நிலையங்கள். இரவில் முன்பணம் கட்டி எஃகுப் பெட்டியில் உணவு வாங்கி, விடியலில் வண்டியேறும் முன் நிலையத்திலேயே பெட்டியைத் திருப்பித் தரும் ஏற்பாட்டுக்கு இதைவிட உகந்த ஊரை எளிதில் காண இயலாது. ராபர்ட்சன்பேட்டை நகரசபைக்கு இப்படியொரு முன்மொழிவை எழுதி, நண்பர்களிடம் படிக்கக் கொடுத்தேன். பெட்டியின் விலை, முன்பணத்தின் அளவு, பொறுப்பாளர் என்று பலரும் பலவற்றைக் கேட்டார்கள். சுரங்கக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த ஒரு தோழி மட்டும், திரும்பி வரும் ஐந்நூறு பெட்டிகளையும் யார் கழுவுவார்கள், அவர்களுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, வேலைக்கு ஆள் எடுக்கும்போது எந்தத் தெருவிலிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டாள். முன்மொழிவில் அந்தப் பகுதியை இப்போது முதல் பக்கத்திற்கு மாற்றியிருக்கிறேன். சம்பளத் தொகை இன்னும் நிரப்பப்படவில்லை.